டேபிள் ஃபேன் பார்த்த பக்கம்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் முழுப் பரீட்சை எழுதவில்லை. ஆனால் பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரைக்கும் ரோட்டின் இரண்டு பக்கமும் இருக்கிற மோட்டார் கொட்டாய்களில் நுழைந்து பாருங்கள். சுவரில் சாம்பல் நிறத்தில் ஒரு தகரப் பெட்டி தொங்கும். கரண்ட் வந்தால் மோட்டாரைத் தானாக ஓடவிடும். போர்வெல்லில் தண்ணீர் வற்றினால் தானாக நிறுத்தும். கரண்ட் வருகிற மூன்று லைனில் ஒன்று போனாலும், மோட்டார் புகைவதற்குள் துண்டித்துவிடும். ஆட்டோ பெட்டி என்பார்கள். அதில் பாதி என் கை செய்தது. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

தொழிலை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எரிந்துபோன பெட்டிகளைத் திறந்து, எது எங்கே போகிறது என்று பென்சிலால் சுவரில் கோடு போட்டுப் போட்டுக் கற்றுக்கொண்டேன். அந்தச் சுவருக்கு இன்றுவரை வெள்ளையடிக்க விடவில்லை. பூலாம்பாடியிலிருந்து ஒருவர் பஸ் மாறி வந்து, கெட்டுப்போன பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, நான் சாப்பிட்டு எழும்வரை உட்கார்ந்திருப்பார். "வேற எவன்கிட்ட குடுத்தாலும் மாத்திப்புடணும்ங்கிறான். நீங்கதான் தொறந்து பாப்பீங்க" என்பார். அப்படிப் பெயர் எடுத்தவன் நான்.

பெட்டிக்குள் இருப்பது ஒரு போர்டு, உள்ளங்கை அகலம். எல்லாம் அதன்மேல்தான் உட்காரும். ஆரம்பத்தில் பழுப்பு நிறப் போர்டு போட்டேன். காகிதத்தைப் பசையில் அழுத்திச் செய்வது. மோட்டார் கொட்டாயின் ஈரத்துக்கு அது உப்பிவிடும்; செம்புக்கோடு உரிந்து வரும். அதை விட்டுவிட்டுக் கிளாஸ் போர்டுக்கு மாறினேன். கண்ணாடியை நூலாக இழுத்து, துணி மாதிரி நெய்து, பசையில் தோய்த்து இறுக்கியது. ஈரம் ஏறாது, சூட்டுக்கு வளையாது. இந்தப் பக்கத்தில் கிளாஸ் போர்டு போட்டுப் பெட்டி செய்த முதல் ஆள் நான்தான். வெளியூர்ப் பெட்டி இரண்டு மழைக்காலம் தாங்காதபோது என் பெட்டி தாங்கியதற்கு அதுதான் காரணம்.

கிளாஸ் போர்டு பெரிய தகடாக வரும். அறுத்துத்தான் சின்னதாக்க வேண்டும். கத்தரித்தால் ஓரம் பிளந்துவிடும். கை பிளேடால் அறுத்தால் நேரம் பிடிக்கும். எனக்கு எப்போதும் அவசரம். கையில் பிடிக்கிற கட்டிங் மிஷினில் வீல் மாட்டி அறுப்பேன். ஒரு தகடு முடிய நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷமும் வெள்ளையாகப் புகை மாதிரி எழும்பும். மாவு மில்லில் நிற்கிற மாதிரி இருக்கும். ஆனால் அது மாவு இல்லை, கண்ணாடி.

இது எனக்குத் தெரியாமல் இல்லை. தகடு வாங்கப் போகிற திருச்சிக் கடையில் ஒரு பெரியவர் முதல் வருஷமே சொன்னார்: "தம்பி, இத மூச்சுல ஏத்திக்காதீங்க. உள்ள போனா வெளிய வராது." நான் யோசித்தேன். யோசனையில் நான் யாருக்கும் சளைத்தவன் இல்லை. எலக்ட்ரிக்கல் கடை பெரம்பலூரில் இருந்தாலும், தகடு அறுப்பது வீட்டுக்குப் பின்னால் தகர ஷீட் போட்ட கொட்டாயில்தான். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, என் முதுகுக்குப் பின்னால் ஒரு டேபிள் ஃபேனை வைத்தேன். காற்று என் தோளைத் தாண்டிப் போய்த் தூசியை அப்படியே ஜன்னல் வழியாக வெளியே தள்ளிவிடும். வாயில் ஒரு துண்டு கட்டிக்கொள்வேன். கண்ணாடித் தூசி ஒரு துளி என் மூக்கில் ஏறாது. ஒரு முறை இன்ஜினியர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "நல்ல ஐடியாங்க" என்றார். அதைப் பல வருஷம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த ஜன்னலுக்கு வெளியே துவைக்கிற கல் இருந்தது. கல்லுக்கு மேலே, இந்தச் சுவருக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில், துணி காயப்போடுகிற கொடி.

எங்கள் வீடு அரியலூர் போகிற ரோட்டு ஓரம். விடிந்ததிலிருந்து சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்ட் லாரியும் போய்க்கொண்டே இருக்கும். வேப்பமரத்தில் பச்சை தெரியாது. வாசலில் கோலம் போட்டால் அரை மணி நேரத்தில் கோலமும் தரையும் ஒரே நிறமாகிவிடும். இந்த ஊர்ப் பக்கம் யாருக்கு இருமல் வந்தாலும், சோற்றில் கல் கடித்தாலும், கண் உறுத்தினாலும், பழியெல்லாம் லாரிக்குத்தான். பாதி நேரம் அது உண்மையும்கூட. அதனால்தான் மீதிப் பாதியை யாரும் தேடிப் பார்ப்பதில்லை.

என் வீட்டுக்காரி உடையார்பாளையம் பக்கம் நிலம் நீச்சு உள்ள குடும்பத்துப் பெண். வாய் அதிகம். என்னை எதிர்த்துப் பேச இந்த உலகத்தில் ஒரே ஆள் அவள்தான். கொடியில் காய்ந்த சேலையை மடித்து எடுத்துக்கொண்டு ஒருநாள் கொட்டாய் வாசலில் வந்து நின்றாள்.

"என்னாங்க, சீலை ஒடம்புல பட்டா சுருக்கு சுருக்குங்குது."

"ரோட்டுத் தூசி. சுண்ணாம்பு. சுருக்குன்னுதான் இருக்கும்."

"வெத்தலைக்குப் போடுறதும் சுண்ணாம்புதான். அது சுருக்குங்கலையே."

"அது வெந்த சுண்ணாம்பு, இது வேவாதது. கரண்டோட காலம் பூரா வேலை பாக்குறவன்கிட்ட வந்து கேக்குற பாரு."

"கரண்டுக்கும் சுண்ணாம்புக்கும் என்னாங்க சம்பந்தம்?"

நான் மிஷினைப் போட்டுவிட்டேன். மிஷின் சத்தத்தில் யாரும் யாரையும் ஜெயிக்க முடியாது.

பொய் சொல்லவில்லை நான். அப்போது அப்படித்தான் நம்பினேன். தூசி ஜன்னலைத் தாண்டிவிட்டால் முடிந்தது என்றுதான் என் கணக்கு. அது எங்கேயோ போய்விடும் என்று நினைத்தேன். எங்கே என்று ஒரு தடவை எழுந்து போய்ப் பார்த்திருந்தால் போதும்.

மகளுக்குத் தலைப்பிரசவம் எங்கள் வீட்டில்தான் ஆனது. எங்கள் பக்கம் பிறந்த பிள்ளைக்குப் புதுத் துணியில் தூளி கட்ட மாட்டார்கள். அம்மாயியின், அதாவது அம்மாவைப் பெற்றவளின், பழைய நூல் சேலையில்தான் கட்டுவார்கள். பல தடவை துவைத்து மெத்தென்று ஆகியிருக்க வேண்டும். என் வீட்டுக்காரி நல்லதாக இரண்டு சேலை பொறுக்கி எடுத்து, மறுபடி துவைத்து, கொடியில் காயவைத்துக் கட்டினாள். பிள்ளையைத் தூளியில் போட்டால் கத்தும், தூக்கினால் நிறுத்தும். முதுகெல்லாம் செக்கச்செவேல் என்று தடித்திருந்தது. "பய கைச்சூடு கண்டுட்டான்" என்று அவள் சிரித்தாள். நான் போய் வேர்க்குரு பவுடர் வாங்கி வந்தேன். பிள்ளையைத் தன் புருஷன் வீட்டுக்குத் தூக்கிப்போன பிறகு தடிப்பு தானாக மறைந்துவிட்டதாக மகள் போனில் சொன்னாள். "லாரி இல்லாத ஊருல்ல" என்றேன் நான்.

லாரிக்காரர்களோடு என் வீட்டுக்காரி நடத்திய சண்டை ரோடு முழுக்கப் பிரசித்தம். விளக்குமாறும் கையுமாக ரோட்டோரம் போய் நிற்பாள். வேகத்தடைக்காக லாரி மெதுவாகும்போது பிடித்துக்கொள்வாள். அதில் ஒரு டிரைவர், நெற்றி நிறையத் திருநீறு பூசியவர், தினமும் மாட்டுவார்.

"ஏம்ப்பா, தார்ப்பாய இழுத்துக் கட்டுனா கை முறிஞ்சா போவும்?"

"கட்டித்தாம்மா இருக்கேன். காத்துல எந்திரிச்சுடுது."

"இதக் கொண்டுபோயி ஒம் பொண்டாட்டி தொவச்ச துணியில கொட்டுவியா?"

"அவளும் சிமெண்ட் பேக்டரி பக்கத்துலதாம்மா இருக்கா. அவ எங்கள வஞ்சு முடிச்சுட்டுத்தான் அனுப்புறா. நீங்க மிச்சத்த வையுங்க."

இவள் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த டிரைவர் எங்கள் வீட்டுக்கு முன்னால் வரும்போது லாரியை நடக்கவிடுகிற மாதிரி ஓட்டுவார். தார்ப்பாயை இரண்டு கயிறு போட்டுக் கட்டியிருப்பார். சில நாள் இறங்கி எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். அவள் கொடுத்துக்கொண்டே வைவாள்.

ஒரு தடவை ஊரே சேர்ந்து லாரியை மறித்து உட்கார்ந்தபோது முன்வரிசையில் நான்தான் உட்கார்ந்தேன். வந்த அதிகாரியிடம் நான்தான் பேசினேன். "எங்க பொம்பளைங்க ஒரு துணிய நிம்மதியாக் காயப்போட முடியலங்க" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். அன்று காலையில்தான் பதினெட்டுத் தகடு அறுத்துவிட்டுப் போயிருந்தேன்.

என் வீட்டுக்காரிக்கு வறட்டு இருமல் தொடங்கியது அதற்கப்புறம். முதலில் கூட்டும்போது மட்டும். பிறகு குழாயடியிலிருந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படி வருவதற்குள் இரண்டு தடவை நிற்க வேண்டியிருந்தது. "வயசாவுதுல்ல" என்பாள். வயதில் என்னைவிட ஏழு குறைவு அவளுக்கு. எனக்கு ஒரு இருமல் கிடையாது. என் நெஞ்சு இன்றைக்கும் கணீர் என்றுதான் இருக்கிறது. ஒரு காலத்தில் அதையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கொரோனா வந்து எல்லாவற்றையும் நிறுத்தினார்களே, அப்போது லாரியும் நின்றது. ரோட்டில் காக்கை உட்கார்ந்தது. ஒரு கோடை மழை பெய்து வேப்பமரம் கழுவிவிட்ட மாதிரி பச்சையாக நின்றது. இந்த வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து அந்த மரத்தை அப்படி நாங்கள் பார்த்ததில்லை. பெரம்பலூர்க் கடையை மூடிவிட்டதால் வேலையெல்லாம் வீட்டுக் கொட்டாயில்தான். பயிருக்குத் தண்ணீர் பாயாமல் இருக்குமா? பெட்டி கேட்டு ஆட்கள் கொல்லைப்பக்கமாக வந்துகொண்டுதான் இருந்தார்கள். முன்னைவிட இரண்டு பங்கு அறுத்தேன்.

ஒருநாள் மத்தியானம் அவள் கழுத்தைச் சொறிந்துகொண்டே வந்து கேட்டாள்: "லாரி நின்னு இருவது நாளாவுது. இன்னமும் ஏங்க அரிக்குது?"

"மரத்துல மண்ணுல இருக்குறது எறங்க நாளாவும்."

"மரந்தான் பளபளன்னு நிக்குதே."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மிஷினை நிறுத்தினேன், எழுந்து வெளியே போனேன். கொடியில் அவளுடைய நீலச் சேலை காய்ந்துகொண்டிருந்தது. வெயிலுக்கு எதிராகத் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். சேலை முழுக்கப் பொடிப்பொடியாக மினுக்கியது. சுண்ணாம்பு மினுக்காது. ஒரு மூலையை எடுத்து மணிக்கட்டின் உள்பக்கம் தேய்த்தேன். அந்தக் குத்தல் எனக்குப் புதிதில்லை. இருபது வருஷத்துக்கு மேல் என் கைக்குப் பழகிய குத்தல். கண்ணை மூடிக்கொண்டாலும் சொல்லிவிடுவேன்.

திரும்பிப் பார்த்தேன். ஜன்னலுக்குள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, நேராக என் முகத்தைப் பார்த்து. அத்தனை வருஷமும் அந்த ஃபேனுக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவன், அது பார்க்கிற பக்கத்தில் போய் நின்றது அன்றைக்குத்தான். அவள் தினமும் அங்கே நின்றாள். துவைத்தாள், காயப்போட்டாள், மடித்தாள். கல்லின்மேல் உட்கார்ந்து மூட்டை மூட்டையாகச் சின்ன வெங்காயம் வால் நறுக்கினாள். பிறகு விளக்குமாறு எடுத்து, தரையில் படிந்ததையெல்லாம் மறுபடி எழுப்பிவிட்டுக் கூட்டினாள்.

அன்றே ஃபேனை எடுத்துவிட்டேன். மறுநாளிலிருந்து எப்படி அறுத்தேன் என்பதைச் சொல்கிறேன். வீட்டில் வைத்து இந்த வேலை செய்கிறவர்கள் இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். என்னைவிட நன்றாக இதைச் சொல்ல ஆள் கிடையாது.

மிஷினே வேண்டாம். பழைய ஹேக்சா பிளேடின் முனையைச் சாணை பிடித்துக் கொக்கி மாதிரி ஆக்கிக்கொள்ளுங்கள். இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, தகட்டின்மேல் ஒரே கோட்டில் ஏழெட்டுத் தடவை ஆழமாகக் கீறுங்கள். புரட்டிப் போட்டு அதே கோட்டுக்கு நேராக மறுபக்கமும் கீறுங்கள். மேஜை விளிம்பில் கோட்டை வைத்து அமுக்கினால் டக் என்று ஒடியும். கொஞ்சம்தான் பொடி விழும், அதுவும் பறக்காது. வளைவாக அறுக்க வேண்டுமென்றால் தண்ணீர்த் தட்டுக்கு மேலே வைத்து, நனைத்து நனைத்துக் கை ரம்பத்தால் அறுங்கள். கரண்டில் ஓடுகிற மிஷினையும் தண்ணீரையும் சேர்க்கக் கூடாது. அது வேறு சாவு. ஓரத்தை உப்புத்தாளில் தேய்ப்பதும் தண்ணீருக்குள்தான். மூக்குக்குத் துண்டு உதவாது. துண்டின் இழைக்கு நடுவில் இருக்கிற ஓட்டை அந்தத் தூசிக்குக் கோயில் கதவு மாதிரி. ஆஸ்பத்திரியில் போடுகிறார்களே, முகத்தோடு இறுகி ஒட்டுகிற மாஸ்க், அதைப் போடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி. முழுக்கைச் சட்டை. முடிந்ததும் கூட்டாதீர்கள், ஊதாதீர்கள், ஃபேன் போடாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். வேலைச் சட்டையைத் தனி வாளியில் ஊறவைத்து நீங்களே அலசுங்கள். வீட்டுத் துணியோடு அது சேரக் கூடாது.

இதில் ஒன்றுகூடப் பெரிய வித்தை இல்லை. தகட்டுக்குப் பத்து நிமிஷம் கூடுதலாக ஆகும். அந்தப் பத்து நிமிஷம்தான் என்னிடம் இல்லாமல் இருந்தது.

இரண்டு நாள் கழித்து அவள் கொட்டாயை எட்டிப் பார்த்தாள். "என்னாங்க, மிஷின் சத்தத்தையே காணோம்?"

"பிளேடுல கீறி ஒடிச்சா ஓரம் சுத்தமா வருது."

"தொரைக்கு இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும். சட்டையும் நீங்களே அலசுறீங்க. என்னா, வேற எவளாச்சும் பாத்துக்கிட்டு இருக்காளா?"

சிரித்தேன். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஊரில் அத்தனை பேர் முன்னால் யோசனைக்காரன் என்று பெயர் வாங்கியவன், வீட்டில் ஒருத்தி முன்னால் மடையன் ஆவதா என்று இருந்தது. அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

அரிப்பு குறைந்தது. "பாத்தீங்களா, லாரி நின்னு நாளானதும் போயிடுச்சு. எல்லாம் அந்தத் தூசிதான்" என்று அவளே வெற்றியாகச் சொன்னாள். நான் ஆமாம் என்றேன். லாரிகள் மறுபடி ஓடத் தொடங்கியதும் அவளும் மறுபடி ரோட்டுக்குப் போய் நின்றாள். ஆனால் வைவதற்கு மூச்சு போதவில்லை. விளக்குமாற்றை மட்டும் தூக்கிக் காட்டுவாள். திருநீறு பூசிய டிரைவர் லாரியை நிறுத்தி, "சத்தம் வரலையேம்மா, ஒடம்பு சரியில்லையா" என்று கேட்டுவிட்டுப் போனார்.

திருச்சிக்கு அழைத்துப் போனேன். நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் சின்ன வயது, பொறுமையானவர். "நுரையீரல் கொஞ்சம் சுருங்கியிருக்கும்மா. வீட்டுல என்ன மாதிரி தூசி?" என்று அவளிடம் கேட்டார்.

"லாரித் தூசிங்க சார். எங்க ஊரு பூரா அதான்."

"விறகு அடுப்பா?"

"முன்னாடி வெறகுதாங்க. இப்ப கேசு."

என்னைப் பார்த்துத் திரும்பினார். "ஐயா என்ன வேலை பாக்குறீங்க?"

"எலக்ட்ரிக்கல் கடைங்க. பெரம்பலூர்ல. மோட்டாருக்கு ஆட்டோ பெட்டி நானே சொந்தமா செய்யறேன்" என்றேன். அந்த நேரத்திலும் 'நானே சொந்தமா' என்பதை விடவில்லை. எதை அறுத்துச் செய்கிறேன் என்று சொல்லவில்லை. அவர் தலையாட்டிவிட்டுச் சீட்டில் எழுதினார். எதனால் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, எதுவாகவும் இருக்கலாம், தூசியிலிருந்து தள்ளி வையுங்கள் என்றார். உறுதியாகச் சொல்ல முடியாது என்ற அந்த வார்த்தையை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

பாடாலூரில் மகள் வீட்டில் மூன்று மாதம் விட்டுவைத்தேன். வயல் நடுவில் வீடு. கொஞ்சம் தேறினாள். ஆனால் இருக்க மாட்டேன் என்றாள். "ஒங்க அப்பாவுக்குச் சோறு யாரு போடுறது" என்று மகளிடம் சண்டை போட்டு, மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு தனியாகவே பஸ் ஏறி வந்துவிட்டாள். அவசரத்தில் ஒரு சேலையைக்கூட அங்கேயே விட்டுவிட்டாள்.

கடைசி ஏழு மாதம் வீட்டிலேயே ஆக்சிஜன் மிஷின் வைத்தோம். எங்கள் ரோட்டில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. நான் ஒரு பெட்டி செய்தேன். கரண்ட் போன நொடியில் பேட்டரிக்கு மாற்றிவிடும். கரண்ட் போனது அவளுக்குத் தெரியக்கூடத் தெரியாது. கிளாஸ் போர்டுதான். கீறி ஒடித்து, தண்ணீரில் தேய்த்துச் செய்தது. என் வாழ்க்கையில் செய்ததிலேயே சிறந்த பெட்டி அது. அதைக் கட்டிலுக்கு மேலே மாட்டும்போது பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மோட்டாருக்கு மாட்டுற பொட்டிய எனக்கும் மாட்டிப்புட்டீங்களா?" ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் நிறுத்தித்தான் சொன்னாள். "தண்ணி இல்லேன்னா தானா நிறுத்திப்புடுமே அது."

"இது நிறுத்தாது" என்றேன்.

அந்தப் பெட்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. மார்கழி முடிவதற்குள் அவள்தான் போய்விட்டாள்.

துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் ஒரே வார்த்தை சொன்னேன்: "லாரி தின்னுடுச்சு." எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். கருமாதி அன்று பந்தலுக்கு வெளியே அந்த டிரைவர் வந்து நின்றார். அன்றைக்குப் பார்த்துத் திருநீறு இல்லை. லாரியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எங்களாலதானேய்யா. நாங்க கொட்டுன தூசிதானே" என்றார். நான் அவர் கையைப் பிடித்தபடி நின்றேன். இல்லை என்று சொல்லவில்லை. சுற்றி ஆட்கள் நின்றார்கள். அவர் அழுது முடித்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். நான் செய்தவற்றிலேயே கேவலமானது எது என்று கேட்டால், ஃபேன் வைத்ததைச் சொல்ல மாட்டேன். அது அறியாமல் செய்தது. இதைத்தான் சொல்வேன்.

மகளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. முப்பதாம் நாள் தீட்டு கழித்து, பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு ஒருநாள் பகலில் தனியாக வந்தாள். நேராக அம்மாவின் துணிப்பெட்டியைத் திறந்து, பல வருஷமாக அடியில் மடித்துக் கிடந்த நூல் சேலை இரண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"தூளிக்கு எடுத்துக்கறேன்ப்பா."

"வேணாம். வை."

"சும்மாதானே கெடக்கு?"

"புதுசா வாங்கித் தரேன்."

"புதுசுல யாருப்பா தூளி கட்டுவா? அம்மா சீலையில கெடந்தாத்தான் அம்மா தூக்கி வச்சிருக்குற மாதிரி இருக்கும். நீங்க இத வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க, பாத்துக்கிட்டே இருக்கப் போறீங்களா?"

பாசத்தில் பிடித்து வைத்திருக்கிறேன் என்று அவள் நினைத்தாள். அப்படியே நினைக்க விட்டிருக்கலாம். அவள் தோளில் சேலை கழுத்தோரம் உரசிக்கொண்டிருந்தது. சொறிவதற்கு அவள் கை போனது. அதைப் பார்த்ததும் எனக்கு வேறு வழி இல்லாமல் போய்விட்டது.

"அதுல கண்ணாடி இருக்கு" என்றேன்.

உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஃபேன், ஜன்னல், கொடி, வெயிலில் பார்த்தது, டாக்டரிடம் மறைத்தது. சொல்லி முடிக்கும்வரை அவள் சேலையைத் தோளிலிருந்து எடுக்கவில்லை. பிறகு மெதுவாக எடுத்து மடியில் வைத்தாள்.

"பெரியவனுக்கு முதுகெல்லாம் தடிச்சுதே."

"ஆமா."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிஞ்சிருந்தா ஒங்கள நல்லா வஞ்சிருக்கும்." கொஞ்ச நேரம் சேலையைத் தடவிக்கொண்டிருந்தாள். "வஞ்சுட்டு, கொடிய வேற பக்கம் கட்டியிருக்கும். அவ்வளவுதான்ப்பா பண்ணியிருக்கும்."

சேலைகளைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். கிளம்பும்போது வாசலில் நின்று, "பாடாலூர்ல அம்மா வுட்டுட்டு வந்தது ஒண்ணு இருக்கு. அங்கேயே தொவச்சுத் தொவச்சு வச்சிருக்கேன். அதுல கட்டிக்கறேன்" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "அந்த லாரிக்காரரு வந்து அழுதாரே. அவருகிட்ட சொன்னீங்களா?"

மூன்று நாள் ரோட்டோரத்தில், என் வீட்டுக்காரி விளக்குமாற்றோடு நின்ற இடத்தில் போய் நின்றேன். நாலாவது நாள் அந்த லாரி வந்தது. கையைக் காட்டினேன். இறங்கி வந்தார். உள்ளே அழைத்துத் தண்ணீர் கொடுத்து, ஜன்னலையும் கொடியையும் காட்டிச் சொன்னேன். சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தையே பார்த்தபடி கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை.

"எங்க தூசியும் இருந்துருக்கும்யா" என்றார். "பாதி பாதின்னு வச்சுக்குவோம்."

"வேணாங்க" என்றேன். "அத நானே வச்சுக்கறேன்."

அவர் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொம்பைத் துவைக்கிற கல்லின்மேல் வைத்தார். லாரியில் ஏறுவதற்கு முன்னால் தார்ப்பாய்க் கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார். இன்றைக்கும் அந்த லாரி எங்கள் வீட்டு முன்னால் வந்தால் நடக்கிற மாதிரிதான் போகிறது. உள்ளே மேஜையில் தகட்டைக் கீறிக்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் குறைவது எனக்குத் தெரியும். கீறுவதை நிறுத்திவிட்டு, அது தாண்டும்வரை சும்மா உட்கார்ந்திருப்பேன்.